ரைட் அவுட் ஸ்டான்லி மாத்யூஸ்

ஸ்டான்லி மாத்யூஸ் 1932 முதல் 1965 வரை இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் வலது விங்கராக ஆடியவர். இங்கிலாந்து லீக்கில் ஸ்டோக் சிட்டி, பிளாக்பூல் ஆகிய இரண்டு கிளப்புகளுக்கு மட்டுமே ஆடினார். நாட்டு அணிக்காக 1934 முதல் 1957 வரை 54 ஆட்டங்கள். அவற்றில் அடித்த கோல்கள் 11. அந்தக் கணக்கை வைத்து அவரை எடைபோட முடியாது. கோல் அடிப்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. எதிரணியின் இடது பின்கள வீரரைத் தாண்டிப்போய் மற்றவர் கோல் அடிக்க வழிசெய்வதே வேலை. அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்பதில் டிக்கெட் வாங்கி வந்த கூட்டமும், அணியைத் தேர்ந்தெடுத்த குழுவும், சம்பளம் கொடுத்த கிளப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அவர் 1915 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரின் ஹான்லிப் பகுதியில் பிறந்தார். பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன வட்டாரம் அது. தந்தை ஜாக் மாத்யூஸ் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார்; குத்துச்சண்டை வீரரும்கூட. நான்கு மகன்களையும் விடியற்காலையில் எழுப்பி உடற்பயிற்சி செய்யவைத்தார். மூன்றாவது மகனான ஸ்டான்லி குத்துச்சண்டைக்குப் போகவேண்டும் என்பதே அவர் விருப்பம். பள்ளி மாணவர்களுக்கான இங்கிலாந்து அணியில் மகன் இடம்பிடித்த பிறகே கால்பந்துக்கு இசைந்தார். காலைப் பயிற்சியை மட்டும் மகன் விடவில்லை. மாத்யூஸின் ஆட்ட வாழ்க்கை மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டதற்குக் காரணம் தேடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் காலைப் பயிற்சியைத்தான்.

1930இல், 15 வயதில், ஸ்டோக் சிட்டி கிளப்பின் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாரம் ஒரு பவுண்டு கூலி. 17ஆவது பிறந்தநாளில் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம் ஆனது. ஆட்டக் காலத்தில் வாரம் 5 பவுண்டு, கோடையில் 3 பவுண்டு. 1932 மார்ச் 19 அன்று பரி அணிக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். அடுத்த பருவத்திலேயே ஸ்டோக் இரண்டாம் டிவிஷனை வென்று முதல் டிவிஷனுக்கு ஏறியது.

அவர் ஆடவந்த காலத்தில் விங்கரின் தொழில் புதிதாக வரையறை பெற்றிருந்தது. 1925இல் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டது. அதுவரை பந்தைப் பெறும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும். அதன்பின் இருவர் போதும் என்றானது. கோல்கள் பெருகின. அதைத் தடுக்க அணிகள் நடுப்பகுதி ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்துக் கோலுக்கு முன்னால் நடுவில் நிறுத்தின. அங்கே இருந்த இரு பின்கள வீரர்களும் ஓரங்களுக்கு நகர்ந்து, ஆளுக்கொரு விங்கரைக் காக்கும் பொறுப்பை ஏற்றார்கள். ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் செம்மைப்படுத்திய இந்த அமைப்பைத்தான் இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லா அணிகளும் அடுத்த கால் நூற்றாண்டு பின்பற்றின. இதனால் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு தனிச்சண்டை உருவானது. 'ரைட் அவுட்' எனப்பட்ட வலது விங்கருக்கும் இடது பின்கள வீரருக்கும் இடையே, எல்லைக்கோட்டை ஒட்டி, பெரும்பாலும் உதவிக்கு யாரும் வராத சண்டை. விங்கர் ஜெயித்தால் நடுவில் இருப்பவர் தன் இடத்தை விட்டு வரவேண்டும். அப்போது கோலுக்கு முன்னால் ஓட்டை விழும்.

இந்தச் சண்டையை மாத்யூஸ் ஜெயித்த விதம் ஊருக்கே தெரிந்திருந்தது. பந்தைக் காலோடு ஒட்டவைத்தபடி, ஏறக்குறைய நடந்தே, எதிராளியை நெருங்குவார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உடலை இடப்பக்கம், அதாவது மைதானத்தின் உட்பக்கம், சாய்ப்பார். எதிராளியின் எடை அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில் வலது காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டிக் கோட்டோரமாகப் பறந்துவிடுவார். பெரும்பாலும் இதே வித்தைதான். தெரிந்தும் ஏமாந்தார்கள் என்பதை அதிசயமாகச் சொல்வதுண்டு. அதில் அதிசயம் இல்லை. முதல் பத்துப் பதினைந்து கஜத்தில் அவருக்கு இணையாக ஓட ஆளில்லை. நீண்ட தூர ஓட்டத்தை விட்டு இந்தக் குறுகிய பாய்ச்சலையே அவர் தினமும் பழகினார். எதிராளி முந்திக்கொண்டு கால் நீட்டினால் தோற்றார், காத்திருந்தாலும் தோற்றார். பந்தை வலுக்கட்டாயமாகப் பறிக்க அவர் முயன்றதேயில்லை, தலையால் முட்டி ஆடுவதும் அரிது. முரட்டுத்தனமாக இடித்தவர்களைத் திருப்பி இடித்ததும் இல்லை. ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் நடுவர் ஒருமுறைகூட அவர் பெயரைக் குறித்துக்கொள்ள நேரவில்லை.

1934 செப்டம்பர் 29 அன்று கார்டிஃபில் வேல்சுக்கு எதிராக 19 வயதில் முதல் சர்வதேச ஆட்டம். இங்கிலாந்து 4–0 என வென்றது. ஒரு கோல் அவருடையது. இரண்டாவது ஆட்டம் நவம்பரில், லண்டனின் ஹைபரி மைதானத்தில், அந்த ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இத்தாலியுடன். 'ஹைபரிப் போர்' என்று பெயரெடுத்த ஆட்டம் அது. இங்கிலாந்துத் தலைவர் எடி ஹாப்குட்டின் மூக்கு உடைந்தது, இத்தாலியின் லூயிஸ் மோன்டி கால் எலும்பு முறிந்து வெளியேறினார். இங்கிலாந்து 3–2 என்று தப்பித்தது. அந்த முரட்டு ஆட்டத்தில் மாத்யூஸ் எடுபடவில்லை என்று எழுதினார்கள். 1937 ஏப்ரல்வரை அவருக்கு நாட்டுக்காக ஆடக் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம். அன்றைய தேர்வுமுறை அப்படி. மேலாளர் என்று ஒருவர் கிடையாது. கால்பந்துச் சங்கத்தின் குழு உட்கார்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் சொல்லி, வாக்கெடுத்து அணியை அமைத்தது. ஒரு மோசமான பிற்பகல் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வெளியே நிறுத்திவிடும்.

திரும்பி வந்ததும் 1937 டிசம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவை இங்கிலாந்து 5–4 என வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். நாட்டு அணிக்காக அவர் மூன்று கோல் அடித்தது அந்த ஒருமுறைதான். 1938 மே 14 அன்று பெர்லினில் ஜெர்மனியை 6–3 எனத் தோற்கடித்த அணியிலும் ஆடி ஒரு கோல் போட்டார். அந்த ஆட்டத்துக்கு முன்னால் இங்கிலாந்து வீரர்கள் கையை உயர்த்தி நாஜி வணக்கம் செலுத்தவேண்டும் என்று தூதரும் சங்க அதிகாரிகளும் முடிவுசெய்து, வீரர்களைச் செய்யவைத்தார்கள். பிற்காலத்தில் புத்தகங்களில் திரும்பத் திரும்ப அச்சானது கோல்களைவிட அந்தப் புகைப்படமே.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஸ்டோக்கை விட்டுப் போக அனுமதி கேட்டிருந்தார். மேலாளர் பாப் மெக்ரோரியுடன் ஒத்துப்போகவில்லை. செய்தி பரவியதும் உள்ளூர்த் தொழிலதிபர்கள் கிங்ஸ் ஹாலில் பொதுக்கூட்டம் கூட்டினார்கள்; ஆயிரக்கணக்கானோர் திரண்டனர், உள்ளே இடமில்லாமல் தெருவிலும் நின்றனர். மாத்யூஸ் மனுவைத் திரும்பப் பெற்றார். ஒருவேளை அவர் பிடிவாதமாக இருந்திருந்தாலும் கிளப் சம்மதிக்காமல் வெளியேறியிருக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப்பே வைத்துக்கொள்ளலாம் என்பது லீக் விதி. அதோடு சம்பள உச்சவரம்பு வேறு. 1922 முதல் எந்த ஆட்டக்காரரும் ஆட்டக் காலத்தில் வாரம் 8 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது. வாசலில் கூட்டம் இரட்டித்தாலும் அந்தப் பணம் ஆட்டக்காரர் கைக்கு வராது.

இரண்டாம் உலகப் போர் அவருடைய 24 வயது முதல் 30 வயதுவரையிலான ஆறு ஆண்டுகளை விழுங்கியது. விமானப்படையில் சேர்ந்து பிளாக்பூல் அருகே பணியில் இருந்தார். அந்த ஊர்க் கிளப்புக்கு விருந்தாளியாக ஆடினார். போர்க்கால சர்வதேச ஆட்டங்கள் பலவற்றிலும் கலந்துகொண்டார். அவை அதிகாரபூர்வக் கணக்கில் சேராதவை. சேர்ந்திருந்தால் 54 என்ற எண் வேறாக இருந்திருக்கும். 1946 மார்ச் 9 அன்று போல்டனின் பர்ன்டன் பார்க்கில் கூட்ட நெரிசலில் 33 பேர் இறந்தபோது, களத்தில் போல்டனுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த ஸ்டோக் அணியில் அவரும் ஒருவர். உடல்கள் எல்லைக்கோட்டருகே கிடத்தப்பட்டிருக்க, சிறிது இடைவெளிக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கி முடித்தார்கள்.

போருக்குப் பின் மெக்ரோரியுடன் இருந்த பழைய பகை மறுபடி மூண்டது. மாத்யூஸ் மனைவியோடு பிளாக்பூலில் விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். காயத்திலிருந்து மீண்டவரை முதலில் ரிசர்வ் அணியில் ஆடச்சொன்னதில் பூசல் வெடித்தது. 1947 மே மாதம் 11,500 பவுண்டுக்கு ஸ்டோக் அவரை பிளாக்பூலுக்கு விற்றது. அந்த வாரம் ஸ்டோக் லீக் பட்டத்துக்கான போட்டியில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டை வென்றிருந்தால் கிளப் வரலாற்றில் முதல்முறையாகப் பட்டம் கிடைத்திருக்கும். தோற்று நான்காம் இடத்துக்குப் போனது. அந்தப் பட்டம் இன்றுவரை வரவில்லை. ஒரு விங்கரால் அந்த ஆட்டம் மாறியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பட்டத்துக்கு மூன்று ஆட்டம் இருக்கையில் அவரை விற்ற நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்குவது கடினம்.

பிளாக்பூல் கடற்கரைச் சுற்றுலா ஊர். அங்கே மேலாளர் ஜோ ஸ்மித், 32 வயதானவரை இன்னும் இரண்டொரு ஆண்டு ஆடுவார் என்ற கணக்கில் வாங்கினார். ஆடியது 14 ஆண்டுகள். மாத்யூஸுக்குப் பந்தைக் கொடுங்கள், அவர் இஷ்டம்போல ஆடட்டும் என்பதே ஸ்மித்தின் உத்தி. வலது உட்புறத்தில் எர்னி டெய்லர், நடுவில் ஸ்டான் மார்டென்சன் என்று அவரைப் புரிந்துகொண்ட துணைகளும் வாய்த்தன. 1948இல் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கம் முதன்முறையாக வழங்கிய ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனது. அந்த ஆண்டு கால்பந்துச் சங்கக் கோப்பை (எஃப்.ஏ. கோப்பை) இறுதிப்போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4–2 எனத் தோல்வி. 1951 இறுதியில் நியூகாசிலிடம் 2–0.

நாட்டு அணியில் இந்த ஆண்டுகள் குழப்பமானவை. பிரெஸ்டனின் டாம் ஃபின்னி அதே வலது ஓரத்துக்குப் போட்டியாக வளர்ந்திருந்தார். இரு காலாலும் ஆடக்கூடியவர், கோலும் அடிப்பவர், தேர்வாளர்களுக்குப் பிடித்தவர். பத்திரிகைகள் மாத்யூஸா ஃபின்னியா என்று பட்டிமன்றம் நடத்தின. ஃபின்னியை இடப்பக்கம் நிறுத்தினால் இருவரும் ஆடலாம் என்பதை 1947 மே மாதம் லிஸ்பனில் போர்ச்சுகலை 10–0 என வென்ற ஆட்டமே காட்டியிருந்தது. இருந்தும் குழு தயங்கிக்கொண்டே இருந்தது. இப்போது வால்டர் வின்டர்பாட்டம் மேலாளர் என்ற பெயரில் இருந்தாலும் இறுதிச் சொல் குழுவுடையது. 1950 உலகக் கோப்பையில் அது அம்பலமானது. பிரேசிலுக்குத் தேர்வாளராகச் சென்றவர் ஆர்தர் டிரூரி ஒருவரே. முதல் ஆட்டத்தில் சிலியை 2–0 என வென்ற அணியை மாற்றமாட்டேன் என்றார். வடஅமெரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த மாத்யூஸ் பெலோ ஒரிசோன்ச்சியில் வெளியே உட்கார்ந்திருக்க, அமெரிக்காவிடம் இங்கிலாந்து 1–0 எனத் தோற்றது. அடுத்து ஸ்பெயினுக்கு எதிராக அவரைச் சேர்த்தார்கள். அதிலும் 1–0 தோல்வி, வீட்டுக்குப் பயணம்.

அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த ஆதாயம் ஒரு யோசனை. பிரேசிலியர் அணிந்த மெல்லிய, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூக்களைப் பார்த்தார். இங்கிலாந்தில் அப்போது விரலில் கடின முனை வைத்த கனமான பூட்ஸ்தான் வழக்கம். ஊர் திரும்பியதும் தமக்கென லேசான ஷூக்களைச் செய்வித்துக்கொண்டார். கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் அவர் பெயரில் ஷூக்களை விற்றது. சம்பள உச்சவரம்பைத் தாண்டிப் பணம் பார்க்க இப்படிப்பட்ட விளம்பரங்களே வழி. உணவிலும் பயிற்சியிலும் கறாராக இருந்த, புகைக்காத அந்த மனிதரின் படம் ஒரு சிகரெட் விளம்பரத்திலும் வந்திருக்கிறது.

1953 மே 2 அன்று வெம்பிளியில் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் பிளாக்பூலும் போல்டன் வாண்டரர்சும் கோப்பை இறுதியில் மோதின. முடிசூட்டுக்கு ஒரு மாதமே இருந்த இரண்டாம் எலிசபெத் அரசி வந்திருந்தார். முடிசூட்டைப் பார்ப்பதற்காகவே ஏராளமான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்ததால், அதுவரை எந்தக் கால்பந்து ஆட்டத்துக்கும் இல்லாத அளவு மக்கள் அதைப் பார்த்தார்கள். 38 வயதான மாத்யூஸுக்கு இது மூன்றாவது, அநேகமாகக் கடைசி வாய்ப்பு. இரண்டாம் நிமிடத்திலேயே நாட் லாஃப்ட்ஹவுஸ் போல்டனுக்குக் கோல் போட்டார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் போல்டன் 3–1 என முன்னிலை.

அதன்பின் நடந்ததற்கு உணர்ச்சியைவிட உடற்கூறு நல்ல விளக்கம். போல்டனின் இடது பக்க ஆட்டக்காரர் எரிக் பெல் முதல் பாதியிலேயே தொடை பிடித்து நொண்டிக்கொண்டிருந்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. இடது பின்கள வீரர் ரால்ஃப் பேங்க்சுக்கும் தசை இழுத்துக்கொண்டது. அதாவது மாத்யூஸ் ஆடிய பக்கத்தில் போல்டனுக்கு முழு ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. டெய்லர் அதைக் கண்டு பந்தை வலப்பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தார். மாத்யூஸின் கிராஸ் ஒன்றிலிருந்து மார்டென்சன் 3–2 ஆக்கினார். கடைசி நிமிடங்களில் ஃப்ரீ கிக்கில் 3–3. காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் மாத்யூஸ் மறுபடி கோட்டோரம் தாண்டிப்போய்ப் பின்னுக்குத் தள்ளிய பந்தை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இடது விங்கர் பில் பெர்ரி வலைக்குள் அடித்தார். 4–3.

'மாத்யூஸ் இறுதிப்போட்டி' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மாத்யூஸே அந்தப் பெயரை விரும்பவில்லை. வெம்பிளி இறுதிப்போட்டியில் மூன்று கோல் அடித்த முதல் ஆள் மார்டென்சன். அவர் பெயரில் வழங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நாடு வாழ்த்த விரும்பியது யாரை என்பதை மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று ஹங்கேரி வெம்பிளிக்கு வந்து இங்கிலாந்தை 6–3 என வென்றது. பிளாக்பூலின் மாத்யூஸ், மார்டென்சன், டெய்லர், ஹாரி ஜான்ஸ்டன் நால்வரும் அந்த இங்கிலாந்து அணியில் இருந்தார்கள். நடு முன்கள வீரர் பின்னால் இறங்கி ஆட, மற்றவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஹங்கேரிய முறைக்கு முன்னால், ஆளுக்கு ஆள் காக்கும் ஆங்கில அமைப்பு திணறியது. தோல்விக்குப் பின் பலர் வெளியேற்றப்பட்டனர், மாத்யூஸ் மிஞ்சினார். 1954 உலகக் கோப்பையில், 39 வயதில், பெல்ஜியத்துடன் 4–4 எனச் சமனான ஆட்டத்திலும், உருகுவேயிடம் 4–2 எனத் தோற்ற காலிறுதியிலும் ஆடினார். 1956 மே 9 அன்று வெம்பிளியில் இங்கிலாந்து பிரேசிலை 4–2 என வென்றபோது அவருக்கு வயது 41. எதிரே நின்ற இடது பின்கள வீரர் நில்டன் சான்டோஸ். பொடாஃபோகோ கிளப்பின் பயிற்சியில் வலது விங்கர் கரின்சாவை எதிர்கொண்டு பழகியவர் அவர். அந்த அனுபவமும் அன்று போதவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் 'பிரான்ஸ் ஃபுட்பால்' இதழ் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருதைத் தொடங்கியது. பத்திரிகையாளர் வாக்கில் மாத்யூஸுக்கு 47 புள்ளிகள். ரியல் மாட்ரிடின் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவுக்கு 44. அந்த ஆண்டின் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் டி ஸ்டெஃபானோவுக்கே கொடுத்திருக்கவேண்டும் என்று வாதிடலாம். வாக்களித்தவர்கள் கால் நூற்றாண்டைச் சேர்த்தே எடைபோட்டார்கள். 1957 மே 15 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கு எதிராகக் கடைசி சர்வதேச ஆட்டம், 42 வயது. இங்கிலாந்துக்காக அவ்வளவு வயதில் வேறு யாரும் ஆடியதில்லை. முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 23 ஆண்டுகளில் இங்கிலாந்து ஆடியவற்றில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே அவரைச் சேர்த்திருந்தார்கள்.

1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்த பிறகு, சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. அப்போது அது வாரம் 20 பவுண்டாக இருந்தது. அந்த அக்டோபரில் ஸ்டோக் மேலாளர் டோனி வாடிங்டன் 46 வயதான மாத்யூஸைத் திரும்ப வாங்கினார். சம்பளம் வாரம் 50 பவுண்டு. ஸ்டோக் மீண்டும் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. அதற்கு முந்தைய உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 8,000 சொச்சம். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக மாத்யூஸ் இறங்கிய நாளில் வந்தவர்கள் ஏறக்குறைய 36,000. வாங்கிய விலையைக் கிளப் அன்று ஒரே பிற்பகலில் மீட்டுவிட்டது. விங்கரின் வேலைக்கு வாசலில் என்ன மதிப்பு என்பதை 1938இன் கூட்டத்துக்குப் பிறகு இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய நாள் வேறில்லை. இம்முறை அதில் ஒரு பங்கு ஆட்டக்காரருக்கும் வந்தது. 1962–63 பருவத்தில் ஸ்டோக் டிவிஷனை வென்றது. லூட்டனை 2–0 எனத் தோற்கடித்து முதல் டிவிஷனுக்கு ஏறிய ஆட்டத்தில் ஒரு கோல் 48 வயதான அவருடையது. அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஒரே கோல். எழுத்தாளர்கள் சங்க விருது இரண்டாம் முறையாக வந்தது.

1965 புத்தாண்டுப் பட்டியலில் அவருக்கு 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது. ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர். பிப்ரவரி 6 அன்று, 50 வயது முடிந்து ஐந்து நாளில், ஃபுல்ஹாமுக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டம் ஆடினார். ஏப்ரலில் நடந்த பிரிவு ஆட்டத்துக்கு அயல்நாட்டு நட்சத்திரங்களான புஷ்காஷ், டி ஸ்டெஃபானோ, யாஷின் வந்து ஆடினார்கள். அதற்கடுத்த ஆண்டு மேலாளர் ஆல்ஃப் ராம்சே, இறுதிப்போட்டியில் விங்கர்களே இல்லாத அணியோடு, இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். கோட்டோரம் காத்திருக்கும் தனி ஆளுக்கு ஆங்கில அணிகளில் வேலை அருகியது.

ஓய்வுக்குப் பின் நிர்வாகம் அவருக்குக் கைகூடவில்லை. போர்ட் வேல் கிளப்பில் பொறுப்பில் இருந்தபோது, விதிக்குப் புறம்பான பணப் பட்டுவாடாவுக்காக 1968இல் அந்தக் கிளப்பை லீக்கிலிருந்து நீக்கி, பின் வாக்கெடுத்துத் திரும்பச் சேர்த்தார்கள். பயிற்சி தருவதில்தான் அவருக்கு மனம் போனது. 1950களிலிருந்தே கோடை விடுமுறைகளில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவந்தார். நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த தென்னாப்பிரிக்காவில், சொவேட்டோவின் கறுப்பினப் பள்ளி மாணவர்களைக் கொண்டு 'ஸ்டானின் ஆட்கள்' என்ற அணியை உருவாக்கி, 1975இல் அவர்களை பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். 70 வயதில் மூத்தோர் ஆட்டம் ஒன்றில் முழங்கால் குருத்தெலும்பு சேதமாகும்வரை ஆடுவதையும் விடவில்லை. 2000 பிப்ரவரி 23 அன்று 85 வயதில் இறந்தார். அஸ்தி ஸ்டோக் சிட்டியின் அன்றைய புதிய மைதானத்தில், நடுவட்டத்தின் அடியில் புதைக்கப்பட்டது.